துடிப்பு சரியாச்சு, குளிசையை நிறுத்தலாமா?

திருகோணமலையில் ஒரு பாமசியின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். டொக்டர் இல்லை. துண்டில் எழுதியிருப்பதை எடுத்துக் கொடுப்பதும், எப்படிப் போடுவதென்று சொல்வதும், சந்தேகம் வந்தால் எழுதிய டொக்டருக்கே கோல் எடுத்துக் கேட்பதும்தான் வேலை. ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் குளிசையைத் தாங்களே மாற்றவோ நிறுத்தவோ கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி.

எழுத வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. கிளினிக் கொப்பியை நீட்டிக்கொண்டே கேட்பார்கள்: "தம்பி, ஈசிஜி நல்லாக் கிடக்காம், துடிப்பு நேராயிட்டுதாம். இனி இந்த ரத்தம் மெலிக்கிற குளிசை என்னத்துக்கு?"

கேட்பவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே ஒருமுறை பாரிசவாதம் வந்து எழும்பியவர்கள். வாட்டில் கிடந்தபோது ஈசிஜியில் ஏட்ரியல் பிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புகிற வருத்தம், என்று தெரிந்திருக்கும். வாட்டிலும் கிளினிக்கிலும் எல்லோரும் ஏ.எஃப். என்றுதான் சொல்வார்கள். அதற்கு மருந்து கொடுத்துத் துடிப்பையும் ஒழுங்காக்கியிருப்பார்கள். துடிப்பு ஒழுங்கானால் வருத்தம் போய்விட்டது என்று நினைப்பது இயல்புதான், அதில் பிழையே இல்லை. ஆனால் பதில் அவர்கள் எதிர்பார்ப்பது மாதிரி இருக்காது. ஏ.எஃப். உள்ள ஒருவருக்கு அடைப்பால் ஒருமுறை பாரிசவாதம் வந்துவிட்டால், துடிப்பு நேராகி வருடம் ஓடினாலும், மெலிக்கிற மருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்நாள் மருந்து. எது என்பதைத்தான் தெரிவு செய்யலாம், வேணுமா வேண்டாமா என்பதை அல்ல.

ஏன் அப்படி? இதயத்தின் இடது மேலறையில் சிறிய பை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்கும்போது அந்தப் பைக்குள் போகிற இரத்தமும் வெளியே வந்துவிடும். ஏ.எஃப். வந்தால் மேலறை சுருங்காமல் நடுங்கிக்கொண்டு மட்டும் நிற்கும், அப்போது நம்முடைய உட்துறைமுகத்தில் அலையடிக்காத மூலையில் பாசியும் பொலித்தீனும் சேர்ந்து கிடப்பது மாதிரி பைக்குள் இரத்தம் தேங்கி உறையும். வால்வு வருத்தம் இல்லாத ஏ.எஃப். நோயாளிகளின் இடது மேலறையில் காணப்படுகிற இரத்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பைக்குள்தான். அதிலிருந்து ஒரு துண்டு கழன்று மேலே போனால் நேராக மூளை. ஏ.எஃப். உள்ளவருக்குப் பாரிசவாத ஆபத்து ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வு 1991 இலேயே காட்டியது.

சரி, துடிப்பு நேரான பிறகு? மின்சார அதிர்ச்சி கொடுத்தோ மருந்தாலோ துடிப்பைத் திருப்பினாலும் மேலறை உடனே முழுப் பலத்தோடு சுருங்கத் தொடங்காது, சில வாரம் மயங்கின மாதிரி இருக்கும். அதனால்தான் அதிர்ச்சி கொடுப்பதற்கு முன் 3 வாரம், பின் குறைந்தது 4 வாரம் மெலிக்கிற மருந்து கட்டாயம் என்று வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விசயம், ஏ.எஃப். சொல்லாமல் வந்து போகும். கிளினிக்கில் அரை நிமிடம் எடுத்த ஈசிஜி நேராக இருந்தால் அந்த அரை நிமிடம் நேராக இருந்தது என்றுதான் அர்த்தம், இரவு இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,060 பேரை வைத்துச் செய்த அஃபேர்ம் ஆய்வு 2002 இல் வெளிவந்தது. துடிப்பையே நேராக்கும் சிகிச்சை நல்லதா, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது போதுமா என்று பார்க்கப் போன ஆய்வு அது. அதில் பாரிசவாதம் வந்தவர்களில் பெரும்பாலானோர் வோர்பரின் என்ற மெலிக்கிற மருந்தை நிறுத்தியிருந்தவர்கள், இல்லையென்றால் ஐ.என்.ஆர். (வோர்பரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கிற கணக்கு) 2 க்குக் கீழே இறங்கியிருந்தவர்கள். துடிப்பு நேராகிவிட்டதென்று மருந்தை விட்டவர்களும் அதற்குள் இருந்தார்கள்.

என் பெரியப்பாவும் அந்த ரகம்தான். அமியோடரோன் போட்டுத் துடிப்பு நேராகி, கொழும்புக்குப் போய்க் காட்டி, "நல்லாக் கிடக்கு" என்று கேட்டுக்கொண்டு வந்தவர், மெலிக்கிற குளிசையைத் தானாகவே விட்டிருந்தார், யாருக்கும் சொல்லாமல். அமியோடரோனை மட்டும் விடவில்லை, அது இதயத்துக்காம், மற்றது "சும்மா ரத்தத்துக்கு". சில மாதம் கழித்து ஒரு காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டுச் சாரத்தை முடிய முடியாமல் நின்றார். இடது கை இழுக்கிறது, வலது கை சாரத்தின் ஓரத்தைப் பிடிக்கிறது, நழுவ விடுகிறது, திரும்பப் பிடிக்கிறது. பெரியம்மா சத்தம் போட்டபோது திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார், ஒரு சொல்லும் விளங்கவில்லை. 1990 க்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. (இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து ஓட்டோ தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 1990 இலவசம், நேரத்தோடு கொண்டுபோனால் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு இடம் இருக்கலாம், அதற்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். முகம் கோணிய நேரம், பேச்சுக் குழறிய நேரம் எத்தனை மணி என்று பார்த்து வையுங்கள், வாட்டில் முதல் கேள்வியே அதுதான்.)

சீ.ரி. ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை, அடைப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் மெலிக்கிற மருந்தைத் தொடமாட்டார்கள்.

வாட்டில் முதலில் அஸ்பிரின்தான் கொடுத்தார்கள், மெலிக்கிற மருந்து உடனே தொடங்கவில்லை. கனடாவில் இருக்கிற அண்ணா போனில் கத்தினார், ஏன் இன்னும் தொடங்கவில்லை, யாரும் பார்க்கிறதில்லையா என்று. பார்க்கிறார்கள். அடைபட்ட மூளைப் பகுதி முதல் நாட்களில் சிதைந்து மென்மையாக இருக்கும், அதற்குள் இரத்தம் கசியக்கூடும் என்ற பயத்தில்தான் பொறுக்கிறார்கள். முன்பு ஒரு வாய்ப்பாடு இருந்தது: வந்துபோன சின்ன அறிகுறி என்றால் 1 ஆம் நாள், சிறிய பாரிசவாதம் 3 ஆம் நாள், நடுத்தரம் 6, பெரியது 12. ஆய்வில் பிறந்த கணக்கல்ல அது, அனுபவத்தில் வந்தது. இப்போது சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2023 இல் வந்த இலான் ஆய்வில் சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் 48 மணித்தியாலத்துக்குள், பெரியதற்கு 6, 7 ஆம் நாளில் தொடங்கிப் பார்த்தார்கள், கசிவு கூடவில்லை. 2024 இல் பிரித்தானியாவின் ஒப்டிமாஸ் ஆய்வில் 4 நாளுக்குள் தொடங்கியவர்களிலும் 7 முதல் 14 நாள் வரை பொறுத்தவர்களிலும் பாதகமான விளைவு அதே 3.3 வீதம். ஆக, முந்தித் தொடங்குவதில் முன்பு நினைத்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் அடைப்பு பெரிதாக இருந்தால், ஸ்கானில் ஏற்கெனவே கசிவு தெரிந்தால் டொக்டர் பொறுக்கத்தான் செய்வார். அந்த நாட்களில் வாட்டில் நின்று கேட்க வேண்டிய கேள்வி "ஏன் தொடங்கவில்லை" அல்ல, "எந்த நாள் தொடங்குவீர்கள், கொப்பியில் எழுதித் தாருங்கள்" என்பது. ஏனென்றால் அந்தத் திகதி எழுதப்படாமலே வீட்டுக்கு வந்து, வாட்டில் கொடுத்த அஸ்பிரினையே மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பவர்களைக் கவுண்டரில் பார்க்கிறேன்.

அஸ்பிரின். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் ஊரில் அஸ்பிரினும் இரத்தம் மெலிக்கிற குளிசை, வோர்பரினும் இரத்தம் மெலிக்கிற குளிசை, குளோபிடோக்ரலும் அதே. பெயர் ஒன்றானால் வேலையும் ஒன்று என்று ஆகிவிட்டது. அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் இரத்தத்தில் உள்ள சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவை, கொழுப்புப் படிந்த நாடியில் வருகிற அடைப்புக்கு நல்லவை. இதயப் பைக்குள் தேங்கி உறைகிற கட்டி வேறு விதமாக உருவாகிறது, அதற்கு உறைதல் காரணிகளைத் தடுக்கிற மருந்து வேண்டும். 1993 இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று, நாம் பேசுகிற இதே ஆட்களை, அதாவது ஏ.எஃப். இருந்து சிறிய பாரிசவாதமோ வந்துபோன அறிகுறியோ கண்டவர்களை வைத்துத்தான் பார்த்தது. மெலிக்கிற மருந்து போடாவிட்டால் வருடத்துக்கு 100 பேரில் 12 பேருக்கு மறுபடியும் பாரிசவாதம், வோர்பரின் வகை மருந்து போட்டவர்களில் 4 பேருக்கு. அஸ்பிரின் கிட்டத்தட்ட ஒன்றும் போடாதது மாதிரித்தான் நின்றது. 2011 இல் அவெரோஸ் என்ற ஆய்வு அபிக்ஸபான் என்ற புதிய மெலிக்கிற மருந்தையும் அஸ்பிரினையும் நேரே மோதவிட்டது, வோர்பரின் சரிவராது என்று ஒதுக்கப்பட்டவர்களில். பாரிசவாதம் முதலானவை அபிக்ஸபானில் வருடத்துக்கு 1.6 வீதம், அஸ்பிரினில் 3.7. பெரிய இரத்தப்போக்கு 1.4 உம் 1.2 உம், வித்தியாசமே இல்லை என்கிற அளவு. "வயசாளி, பயமாக் கிடக்கு, அஸ்பிரினோடு விடுவம்" என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அஸ்பிரினில் பயம் குறைகிறது, ஆபத்து குறையவில்லை.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று அண்ணாவுக்கு ஓர் எண்ணம். இதயக் குழாயில் அண்மையில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொஞ்ச நாள் சேர்த்துக் கொடுப்பார்கள், அது வேறு கதை. பழைய, அடங்கிய இதய நாடி வருத்தத்தோடு ஏ.எஃப். உள்ளவர்களுக்கு மெலிக்கிற மருந்து ஒன்றே போதும், கூட ஒன்று சேர்த்தால் இரத்தப்போக்குத்தான் கூடும் என்று ஜப்பானின் அஃபயர் ஆய்வு 2019 இல் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம் வந்து அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்தார்களே என்றால், அவருடையது ஏ.எஃப். இல்லாத பாரிசவாதமாக இருக்கும். கொப்பியை மாற்றிப் பார்க்காதீர்கள்.

பயம் என்று சொன்னேன். பயம் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. மூளைக்குள் கசியலாம், வயிற்றுக்குள் கசியலாம். மலம் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போனால், விழுந்து தலை அடிபட்டால், இதுவரை வராத மாதிரித் தலையிடி வந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் "அடிக்கடி விழுகிறவர், அதனால் வேண்டாம்" என்று நிறுத்துவதற்குப் பின்னால் இருக்கிற கணக்கைக் கேளுங்கள். 1999 இல் கனடாவில் ஒரு கணிப்புச் செய்தார்கள்: வோர்பரினால் கிடைக்கிற நன்மையை விழுவதால் வருகிற மூளைக்கசிவு விழுங்கிவிட வேண்டுமென்றால், சராசரி ஆபத்துள்ள ஒரு வயோதிபர் வருடத்துக்கு ஏறத்தாழ 295 தடவை விழ வேண்டும். குளியலறைக்கு ஒரு பிடி பூட்டிவிட்டு மருந்தைத் தொடருவது இதைவிடச் சுகம்.

இன்னொரு பயம் "அது எலிப்பாஷாணமாமே". ஆம். 1920களில் வட அமெரிக்காவில் பழுதாகிப்போன ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்கின் ஆய்வுகூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது, அதன் வழியில் வந்த வோர்பரின் 1948 இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1955 இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அதே வோர்பரினைக் கொடுத்தார்கள். அளவும் கண்காணிப்பும்தான் இடையில் உள்ள வித்தியாசம்.

இனி எது என்ற தெரிவு. அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் வோர்பரின். புதியவற்றைப் பெரும்பாலும் வெளியில் காசுக்கு வாங்க வேண்டிவரும், மாதாமாதம், நிறுத்தாமல். பெரியப்பாவுக்கும் வோர்பரினில்தான் தொடங்கினார்கள். ஐ.என்.ஆர். 2 க்கும் 3 க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒருமுறை 1.6, அடுத்த முறை 4 ஐத் தாண்டி. ஏன் என்று தேடினால் அமியோடரோன். துடிப்பை நேராக்கப் போட்ட அதே குளிசை வோர்பரினின் வேலையைக் கூட்டிவிடும், இரண்டும் சேரும்போது வோர்பரினின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க வேண்டிவரலாம். அமியோடரோனை நிறுத்தினாலும் அது உடம்பை விட்டுப் போக வாரங்கள், மாதங்கள் எடுக்கும், அதுவரை ஐ.என்.ஆர். ஆடிக்கொண்டே இருக்கும். ஏ.எஃப். சிகிச்சையும் மெலிக்கிற மருந்தும் ஒன்றையொன்று தொடுகிற இடம் இது, இதைக் கிளினிக்கில் இருவேறு டொக்டர்கள் இருவேறு நாளில் எழுதினால் இடையில் யாராவது கொப்பியை முழுக்கப் புரட்டிப் பார்க்க வேண்டும். பல நாள் அந்த யாராவது கவுண்டரில் நிற்கிறவன்தான்.

வோர்பரின் என்றதும் கீரை பேச்சு வரும். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எல்லாவற்றிலும் விற்றமின் கே இருக்கிறது, அது வோர்பரினுக்கு எதிர்வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு விடுகிறார்கள், அது தேவையில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள், அதற்கேற்ப அளவைப் போட்டுவிடலாம். குழப்புவது திடீர் மாற்றம். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இளநீரும் பழமுமாக இருந்துவிட்டு வருகிறவரின் ஐ.என்.ஆர். ஏறியிருக்கலாம், விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்வது நல்லது. பல்லுக்கும் வயிற்றுக்கும் கொடுக்கிற மெட்ரோனிடசோல் ஏற்றும். மூட்டு நோவுக்கு டைக்லோபினாக் கேட்டு வருவார்கள், வோர்பரினோ புதியதோ எது போட்டாலும் அது வேண்டாம், பரசிட்டமோலோடு நிற்கலாம். நாட்டு மருந்து, அரிட்டம், கசாயம் எதுவானாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அப்புறம் வில்லையின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனி மாறினால் நிறம் மாறலாம், மில்லிகிராமைப் பாருங்கள்.

ஐ.என்.ஆர். எடுக்க வெருகலில் இருந்தும் மூதூரில் இருந்தும் விடிய முதல் பஸ்ஸில் வருகிறார்கள். ஒரு கையும் காலும் சரியில்லாத மனுசனை அப்படி ஏற்றி இறக்குவது லேசுப்பட்ட வேலையில்லை. அதனால் இரண்டு மாதம் விட்டுவிடுவார்கள், அளவு தெரியாமலே குளிசை போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவருக்குப் புதியதின் விலையைப் பஸ் காசோடும் இழந்த கூலியோடும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். சில வீடுகளில் அந்தக் கணக்கு மாறிவிடும், சில வீடுகளில் எப்படிப் பார்த்தாலும் கட்டாது.

புதியவை நாலு: டபிகட்ரான், ரிவரொக்ஸபான், அபிக்ஸபான், எடொக்ஸபான். நாலும் 2009 க்கும் 2013 க்கும் இடையில் வோர்பரினோடு பெரிய ஆய்வுகளில் நேரே ஒப்பிடப்பட்டவை. அபிக்ஸபானை 18,201 பேரில் பார்த்தார்கள், பெரிய இரத்தப்போக்கு வருடத்துக்கு 2.13 வீதம், வோர்பரினில் 3.09. மூளைக்கசிவால் வரும் பாரிசவாதம் ஏறக்குறைய பாதி. மூளைக்குள் கசிவது குறைவு என்பதுதான் நாலுக்கும் பொதுவான பெரிய நன்மை, ஒருமுறை மூளையில் அடிபட்டவருக்கு அது சின்ன விசயமில்லை. கீரைக் கணக்கும் ஐ.என்.ஆரும் இல்லை.

ஆனால் சிறுநீரகம் இருக்கிறது. டபிகட்ரானில் ஏறக்குறைய 80 வீதம் சிறுநீரகத்தால்தான் வெளியேறும், அபிக்ஸபானில் கால்வாசி சொச்சம். சீனி வருத்தக்காரர் நிறைந்த ஊர் இது, பக்கத்து வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக வருத்தம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை பார்க்காமல் இந்தக் குளிசையைத் தொடங்கக் கூடாது, தொடங்கிய பிறகும் இடைக்கிடை பார்க்க வேண்டும். அபிக்ஸபானின் வழமையான அளவு 5 மில்லிகிராம் இரண்டு வேளை. 80 வயதோ அதற்கு மேலோ, நிறை 60 கிலோவோ அதற்குக் கீழோ, கிரியேட்டினின் 1.5 ஓ அதற்கு மேலோ, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் 2.5. வோர்பரினிலிருந்து இதற்கு மாறிய பெரியப்பாவுக்கு வயது 81, நிறை 54, அவருக்கு 2.5 சரி. அதே 2.5 ஐ எழுபது கிலோ நிறையுள்ள 66 வயதுக்காரருக்கு "எதுக்கும் குறைச்சுப் போடுவம்" என்று போடுவது சரியில்லை, கசிவு குறையுமென்ற நம்பிக்கையில் பாதுகாப்பைக் குறைக்கிறோம். இன்னும் மோசம், இரண்டு வேளைக் குளிசையைக் காசு மிச்சம் பிடிக்க ஒரு வேளை போடுவது. வோர்பரினை ஒரு நாள் விட்டால் அதன் வேலை உடனே போய்விடாது, சில நாள் எடுக்கும். இவற்றில் ஒரு நாள் விட்டால் அடுத்த நாளே வெறும் ஆள். காசு முட்டுகிறதென்றால் வாயைத் திறந்து டொக்டரிடம் சொல்லி வோர்பரினுக்கு முறையாக மாறுங்கள். ஒழுங்காகப் பார்க்கப்பட்ட வோர்பரின், பாதி நாள் போடுகிற அபிக்ஸபானைவிட எவ்வளவோ மேல், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு பொடியன் நோன்புக்கு முன்பு வாப்பாவின் கொப்பியோடு வந்து கேட்டான், "நானா, வாப்பா நோன்பு பிடிக்கப் போறார், இத எப்புடிக் குடுக்கிறது?" வாப்பாவுக்கு ரிவரொக்ஸபான் 20. அதை ஒரு நாளைக்கு ஒருமுறை, சாப்பாட்டோடு போட வேண்டும், வெறுவயிற்றில் போட்டால் உடம்பில் சேருவது மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்துவிடும். ஆகவே நோன்பு திறந்து பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக நிற்காமல் வயிறாரச் சாப்பிடும்போது போடச் சொன்னேன், ஆனால் நோன்பு பிடிக்கலாமா என்பதை அவரது டொக்டரிடம் கேட்கச் சொல்லித்தான் அனுப்பினேன், தண்ணீர் இல்லாமல் கிடந்தால் சிறுநீரகம் என்ன சொல்லும் என்பதும் இதில் இருக்கிறது. டபிகட்ரான் என்றால் கெப்சியூலை உடைத்துக் கொட்டக் கூடாது, வந்த போத்தலில் அல்லது பெட்டியிலேயே வைக்க வேண்டும், ஈரக்காற்று ஆகாது. விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு உடைத்துக் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டென்பதால் சொல்கிறேன்.

பாரிசவாதத்துக்குப் பிறகு சிலருக்கு வலிப்பு வரும். அதற்குக் கொடுக்கிற பெனிடோயின், கார்பமசெபின் இரண்டும் இந்தப் புதிய மருந்துகளின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும். காசநோய் மருந்து ரிபாம்பிசினும் அப்படியே.

ஒரு கூட்டத்துக்குப் புதியவை இல்லவே இல்லை. சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள். நம் பக்கத்தில் இது இன்னும் அற்றுப்போகவில்லை, முப்பதுகளில் இருக்கிற பெண்களுக்கே இதனால் ஏ.எஃப். வந்து பாரிசவாதம் வருவதுண்டு. 2022 இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா என்று 24 நாடுகளில் ஏறக்குறைய 4,500 பேருக்கு ரிவரொக்ஸபானையும் வோர்பரின் வகையையும் கொடுத்துப் பார்த்தார்கள், பழைய மருந்து போட்டவர்களில்தான் இறப்பு குறைவு. செயற்கை உலோக வால்வு வைத்தவருக்கும் வோர்பரின்தான், டபிகட்ரானை அவர்களில் சோதித்த ஆய்வைத் தீங்கு கண்டு இடையில் நிறுத்தினார்கள். ஆகவே "விலை கூடினது நல்லது" என்று வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற உறவுக்காரர் முதலில் வால்வின் நிலையைக் காட்டுகிற எக்கோ ஸ்கான் றிப்போட்டைக் கேட்கட்டும். இந்தப் பெண்கள் பிள்ளை பெற எண்ணினால் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும், வோர்பரின் கருவைத் தாக்கும்.

அப்லேஷன் செய்தவர்கள் இப்போது நம் ஊரிலும் இருக்கிறார்கள், கொழும்பிலோ சென்னையிலோ செய்துகொண்டு வருகிறார்கள். தொடையால் குழாய் விட்டு, தப்பான மின்சாரம் பிறக்கிற இடத்தைச் சுட்டுவிடுகிற சிகிச்சை. "சுட்டாச்சு, இனி என்ன?" என்பது அவர்களின் கேள்வி, நியாயமும் உண்டு. 2025 இல் தென்கொரியாவில் அப்லேஷனுக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் ஏ.எஃப். திரும்பாத 840 பேரில் பாதிப்பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள், நிறுத்தியவர்கள் நன்றாகவே இருந்தார்கள், இரத்தப்போக்கும் குறைவு. அதே வருடம் வந்த ஓஷன் ஆய்விலும் ரிவரொக்ஸபான் அஸ்பிரினை வெல்லவில்லை. செய்தி அவ்வளவுதான் வட்ஸ்அப்பில் சுற்றும். பாரிசவாதம் வருகிற ஆபத்தைக் கணக்கிட டொக்டர்கள் புள்ளி போடுவார்கள், அந்த ஆய்வுகளில் இருந்தவர்களின் சராசரி ஆபத்துப் புள்ளி 2 க்குக் கொஞ்சம் மேலேதான், பாரிசவாதம் வந்த ஒருவருக்கு அந்த ஒன்றுக்கே 2 புள்ளி, மேலே பிரஷர், சீனி, வயது என்று கூட்டிக்கொண்டு போனால் அவர் வேறு ஆள். ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2024 வழிகாட்டி அப்லேஷனுக்குப் பின் எல்லோருக்கும் குறைந்தது 2 மாதம் மருந்து என்றும், அதற்குப் பிறகு அப்லேஷன் வெற்றியா தோல்வியா என்பதைப் பார்க்காமல் பாரிசவாத ஆபத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாரிசவாதம் வந்தவர் நிறுத்துவதற்கு இதுவரை அந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

ஒழுங்காகப் போட்டும் மறுபடி வந்தால்? வரும், எந்த மருந்தும் முழுக் காவல் இல்லை. உடனே "இது வேலை செய்யவில்லை, வேறு தாருங்கள்" என்று கேட்கத் தோன்றும். 2022 இல் அப்படிப்பட்ட 2,946 பேரின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. 30 வீதத்தினருக்குக் காரணம் ஏ.எஃப். அல்ல, கழுத்து நாடி அடைப்பு, சிறு நாடி வருத்தம் என்று வேறு ஏதோ. 24 வீதத்தினர் போதிய அளவு மருந்து எடுக்கவில்லை. மிச்சம் 46 வீதத்தினர்தான் ஒழுங்காகப் போட்டும் வந்தவர்கள். புதியதிலிருந்து இன்னொரு புதியதுக்கு மாற்றியதாலோ அஸ்பிரினைச் சேர்த்ததாலோ நன்மை தெரியவில்லை. வோர்பரினில் இருந்தவரைப் புதியதுக்கு மாற்றுவதில் பலன் இருந்தது. ஆகவே பெயரை மாற்ற முன்பு கழுத்து நாடியைப் பாருங்கள், பிரஷரைப் பாருங்கள், குளிசைப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். கடைசியைச் செய்யும்போது வீட்டில் சண்டை வராமல் செய்யுங்கள், பெரியம்மா இப்போது வாரப் பெட்டி வைத்து எண்ணுகிறா, பெரியப்பா அதற்கு முகத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அபிக்ஸபானுக்குக் காசு அண்ணாவிடமிருந்து வருகிறது.

அதிகம் பேர் தாங்களாக நிறுத்துகிற இடம் இன்னொன்று இருக்கிறது: பல்லு. ஒரு பல்லுப் பிடுங்க வேண்டுமென்றால் ஒரு கிழமைக்கு முன்பே குளிசையை விட்டுவிட்டு வருவார்கள், யாரும் சொல்லாமலே. ஒன்றிரண்டு பல்லுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை, வோர்பரின் என்றால் முதல்நாளோ அதற்கு முந்திய நாளோ ஐ.என்.ஆர். பார்த்து 4 க்குக் கீழே இருந்தால் பல்லு டொக்டர் பிடுங்கி, பஞ்சு வைத்து, தேவையென்றால் ஒரு தையல் போட்டு அனுப்புவார். புதியவை என்றால் அன்றைய காலைக் குளிசையை மட்டும் தள்ளிப்போடச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். எதுவானாலும் கதிரையில் ஏறி உட்கார முன்பு கொப்பியைக் காட்டுங்கள்.